பொதுக்காட்டில் கட்டணக் கயிற்றுப் பாதை: நெல்லைச் சீமையில் எதிர்ப்பு எதன்மேல் நிற்க வேண்டும்?

"மரம் எதையும் வெட்டப் போவதில்லை. மேலே கயிறு கட்டுகிறோம், அவ்வளவுதான். கீழே நீங்கள் வழக்கம்போல நடக்கலாம்." சாகசப் பூங்காத் திட்டம் ஓர் ஊருக்கு வரும்போது முதலில் சொல்லப்படுவது இதுதான். கேட்கிறவர்களுக்கு உடனே பதில் வராது. மரம் வெட்டவில்லை, நிலம் விற்கவில்லை, வேலிகூட இல்லை. பிறகு எதைச் சொல்லி எதிர்ப்பது?

எதிர்க்கக் காரணம் நிறையவே இருக்கிறது. ஆனால் "இயற்கையைக் காப்போம்" என்று பதாகை பிடித்து நின்றால் மட்டும் அது எடுபடாது. இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கயிறு மரத்தையும் மண்ணையும் என்ன செய்யும் என்பது ஒன்று. அந்த நிலம் எந்தப் பதிவேட்டில் என்ன பெயரில் இருக்கிறது என்பது இன்னொன்று. எங்கள் கணிப்பில் இரண்டாவதுதான் பெரிது. நம் பக்கத்தில் ஊரார் காலங்காலமாகக் காசில்லாமல் புழங்கும் காடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் புழக்கம் எங்கும் எழுதப்படவில்லை. நாளைக்கு டிக்கெட் வாங்குகிறவர் கையில் ரசீது இருக்கும். ஆடு பத்திக்கொண்டு போகிறவரிடம் வழக்கம் மட்டும்தான் இருக்கும். தகராறு வந்தால் அதிகாரி முதலில் பார்ப்பது ரசீதைத்தான்.

முதலில் கயிற்றைப் பார்ப்போம். கயிற்றுப் பாதை என்று பெயர் இருந்தாலும் பாரம் தாங்குவது எஃகு வடம். பெரும்பாலும் 12 மில்லிமீட்டரை ஒட்டிய தடிமன். மரங்களில் உயரத்தில் பலகை மேடை அமைத்து, ஒரு மேடையிலிருந்து அடுத்ததற்குத் தொங்கு படி, வலை, ஒற்றைக் கம்பி என்று விதவிதமாகக் கடக்க விடுவார்கள். இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டுவதற்குத் தலைக்கு மேல் இன்னொரு வடம் ஓடும். முடிவில் ஜிப்லைன், அதாவது சரிவான வடத்தில் உருளையைப் பிடித்துத் தொங்கியபடி சறுக்குவது.

இரண்டு மரங்களுக்கு இடையே 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 80 கிலோ எடையுள்ள ஒருவர் நிற்கிறார். வடம் 1 மீட்டர் தொய்கிறது. அப்போது வடம் ஒவ்வொரு மரத்தையும் பக்கவாட்டில் இழுக்கும் விசை 80 கிலோ அல்ல, ஏறத்தாழ 400 கிலோ. நடக்க வசதியாக இருக்கட்டும் என்று வடத்தை இறுக்கித் தொய்வை அரை மீட்டராகக் குறைத்தால் அது 800 கிலோ ஆகும். கிணற்றுக் கயிறும் துணிக் கொடியும் கட்டிப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கொடி எவ்வளவு விறைப்போ அவ்வளவுக்குக் கம்பம் சாயும். ஆள் தவறித் தொங்கும்போது திடீரென்று வெட்டி இழுக்கும் விசை இதற்கும் மேல். காற்றுக்கு ஆடி ஆடி வேர் பிடித்த மரத்துக்கு ஒரே திசையில், ஒரே உயரத்தில், நாள் முழுக்க இப்படி இழுபடுவது பழக்கமில்லாத பாரம். அதனால்தான் எதிர்ப்பக்கம் இழுகம்பி போடுவார்கள். அந்த இழுகம்பி இன்னொரு மரத்திலோ, மண்ணில் இறக்கிய நங்கூரத்திலோ போய் முடியும். திட்ட வரைபடத்தில் மேடைகளைக் காட்டுவார்கள். இழுகம்பிகள் பெரும்பாலும் இருக்காது. கேட்டு வாங்குங்கள்.

வடத்தை மரத்தில் பிடித்து நிறுத்த இரண்டு வழி. தண்டைத் துளைத்து போல்ட் போடுவது ஒன்று. துளை வழியே நீரும் பூஞ்சையும் உள்ளே போகும். மற்றது, தண்டைச் சுற்றி மரக்கட்டைகளை அடுக்கி, அதன்மேல் வடத்தைச் சுற்றி இறுக்குவது. "ஒரு ஆணிகூட அடிக்கவில்லை" என்று சொல்லப்படுவது இந்த முறைதான். இலையில் ஆன உணவு வேருக்கு இறங்குவது பட்டையின் உட்புறம் வழியாக. மரம் வருஷா வருஷம் பருக்கும், கட்டு பருக்காது. கன்றாக இருந்தபோது கழுத்தில் கட்டிய கயிற்றை மாடான பிறகும் மாற்றிக் கட்டாவிட்டால் எப்படிச் சதைக்குள் இறங்குமோ, அப்படித்தான் இதுவும். காலத்துக்குக் காலம் தளர்த்திக் கட்டினால் மரம் பிழைக்கும். கேள்வி, அதை யார் செய்வார்கள் என்பது. இந்தப் பாதைகளுக்கென்று ஐரோப்பாவில் உள்ள ஈ.என். 15567 தரநிலை ஆண்டுதோறும் தகுதியுள்ளவர் சோதனை செய்ய வேண்டும் என்கிறது. இந்தியாவிலும் 2018-ல் வந்த சாகசச் சுற்றுலா வழிகாட்டு நெறிகளில் ஜிப்லைனுக்கும் உயரக் கயிற்றுப் பாதைக்கும் தனிப் பகுதி உண்டு. வடத்தையும் கொக்கியையும் சோதிக்க ஆள் வருவார். மரத்தின் உட்புறம் பொந்தா, வேர் அழுகலா என்று பார்க்கத் தெரிந்தவர் யார், அவருக்குச் சம்பளம் எந்தக் கணக்கில் என்பது ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது பட்ட கொம்பு. ஆள் நடக்கும் பாதைக்கு மேல் காய்ந்த கிளை இருக்கக் கூடாது. பாதுகாப்புக்காக அதைக் கழித்தே தீர வேண்டும். அது வெட்டுவதில் சேராது, "பராமரிப்பு" என்று எழுதப்படும். ஆனால் மரங்கொத்தி குடைவதும், கிளியும் மைனாவும் ஆந்தையும் அந்தப் பொந்தில் குஞ்சு பொரிப்பதும் பெரும்பாலும் அப்படிப்பட்ட பட்ட மரத்திலும் கொம்பிலும்தான். உயிருள்ள மரம் அத்தனையையும் விட்டுவைத்து, பறவைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துவிடுவது என்றால் இதுதான். கீழே, மேடை இருக்கும் ஒவ்வொரு மரத்தடியிலும் ஆட்கள் வரிசையில் காத்து நிற்பார்கள். நீர் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கிறது, நிழல் விழும் வட்டத்தையும் தாண்டிப் பரவி. களிமண் கலந்த வண்டலில் மழைக்காலத்தில் மிதிபட்டால் மண் இறுகிவிடும். பிறகு நீரும் இறங்காது, காற்றும் இறங்காது. மரம் உடனே பட்டுப்போகாது. சில வருஷம் கழித்து உச்சிக்கிளையிலிருந்து காயத் தொடங்கும். அதற்குள் ஒப்பந்தக் காலம் முடிந்திருக்கும்.

பரப்பையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 மீட்டர் ஜிப்லைனுக்கு இருபுறமும் 3 மீட்டர் கிளையில்லாமல் வேண்டும் என்றால் 1,200 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ 30 சென்ட். அரை மணிக்கு 12 பேர் வீதம் 8 மணி நேரம் ஓடினால் 192 பேர். காருக்கு நான்கு பேர் என்றால் 48 கார். ஒரே நேரத்தில் பாதி நின்றாலும், திருப்பும் இடத்தோடு ஒரு காருக்கு 25 சதுர மீட்டர் வைத்து, 600 சதுர மீட்டர், இன்னொரு 15 சென்ட். கழிப்பறை, அதன் தொட்டி, சாமான் அறை, டிக்கெட் கொட்டகை, தின்பண்டக் கடை எல்லாம் தனி. "கயிறு மட்டும்தான்" என்பதற்குள் இவ்வளவும் அடங்கியிருக்கிறது. இதில் எதுவும் மரத்தின் மேல் இல்லை, எல்லாம் தரையில்.

தாமிரபரணிக் கரை என்றால் வெள்ளத்தையும் சேர்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், ஆறு கரையை மீறி ஊருக்குள் வந்ததும் யாருக்கும் மறந்திருக்காது. கரையோரத்து மருதமரங்கள் மண்ணைப் பிடித்து நிற்பதால்தான் பல இடங்களில் கரை கரையாக இருக்கிறது. அந்த வேரடியை இறுக வைத்து, தண்டைப் பக்கவாட்டில் இழுத்து வைப்பது கரையைப் பலவீனப்படுத்துவதாகும். பொதுப்பணிக் கணக்கில் இது வராது. அடுத்த பெருவெள்ளத்தின் கணக்கில் வரும்.

இனி நிலம். நெல்லைச் சீமையில் "பொதுக்காடு" என்று ஊரார் சொல்வது ஒரே வகை நிலமல்ல. பாபநாசம், மணிமுத்தாறு, களக்காடு, திருக்குறுங்குடிப் பக்கம் மலையடிவாரக் காப்புக்காடு இருக்கிறது. சமவெளியில் ஆங்காங்கே உடைமரமும் வேம்பும் முளைத்த பொத்தைகள், அதாவது சிறு குன்றுகள் உண்டு. குளத்துக்குள் சமூகக் காடு வளர்ப்பில் போட்ட கருவேலங்காடு, வாய்க்கால் கரைத் தோப்பு, ஆற்றங்கரைப் படித்துறை மருதமரக் கூட்டம், சாஸ்தா கோயிலையும் ஐயனார் கோயிலையும் சுற்றிய காவு என்று ஒவ்வொன்றுக்கும் உடைமையாளர் வேறு, சட்டம் வேறு. எல்லாவற்றுக்கும் ஒரே மனுவை எழுதிக் கலெக்டர் அலுவலகத்தில் கொடுப்பதுதான் எதிர்ப்பாளர்கள் செய்யும் முதல் தவறு. மனு தவறான மேசைக்குப் போய், "எங்கள் துறை சார்ந்ததல்ல" என்று திரும்பி வரும்போது டெண்டர் திறந்தாகியிருக்கும்.

ஆகவே கிராமப் பெயரும் புல எண்ணும் முதலில் வேண்டும். வருவாய்த் துறையின் இணையச் சேவைத் தளத்தில் அ-பதிவேட்டு (ஒவ்வொரு புல எண்ணும் யாருடையது, என்ன வகை என்று எழுதிய கிராமக் கணக்கு) விவரத்தையும், அது அரசு நிலமா என்பதையும் பார்க்கலாம். கையெழுத்திட்ட நகல் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாலுகா அலுவலகத்திலோ கிடைக்கும். பதிவேட்டில் வகைப்பாடு என்ன என்பதில்தான் உயிர் இருக்கிறது: தீர்வை (நிலவரி) ஏற்பட்ட தரிசா, தீர்வை ஏற்படாத தரிசா, புறம்போக்கா, புறம்போக்கு என்றால் குளமா, ஓடையா, மேய்ச்சலா, மந்தையா, காடா. கூடவே புலப்படத்தையும் வாங்கி, திட்ட வரைபடத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஒரே திட்டம் மூன்று புல எண்களில் உட்கார்ந்திருப்பதும், அதில் ஒன்று ஓடையாக இருப்பதும் அடிக்கடி வெளிவரும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானதால் குற்றாலம், கடையம், செங்கோட்டைப் பக்கத்துப் பழைய கோப்புகள் எங்கே இருக்கின்றன என்பதையும் விசாரிக்க வேண்டும். வனக்கோட்ட எல்லையும் வருவாய் மாவட்ட எல்லையும் ஒன்றாக ஓடுவதில்லை.

காப்புக்காடு என்றால் 1882-ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அறிவிக்கையைக் கேளுங்கள். இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதும் மேய்ப்பதும் குற்றம். ஊரார் போய்வருவது வனத்துறை கண்டுகொள்ளாததால் நடக்கிறது. "நாங்கள் இலவசமாகப் போகும் காடு" என்பதை மட்டும் வாதமாக வைத்தால், "உங்களை யார் போகச் சொன்னது" என்ற கேள்வி வரும். இதற்கு மருந்து 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம். மேய்ச்சலும் சிறு வன விளைபொருள் சேகரிப்பும் அதில் சமூக உரிமைகள். பழங்குடிகளுக்கு மட்டுமல்ல, மூன்று தலைமுறை அதாவது 75 ஆண்டு அங்கே வாழ்ந்து காட்டை நம்பியிருக்கும் மற்றவர்களுக்கும் உண்டு. மயிலாறு, இஞ்சிக்குழி, சேர்வலாறு போன்ற காணிக்காரர் குடியிருப்புகளுக்கு இது நேரடியாகவே பொருந்தும். சமூக உரிமை கோர பி படிவம்; சமூக வன வளத்துக்கு, அதாவது ஊரே காத்துப் பராமரிக்கும் காட்டுக்கு, சி படிவம். இதே சட்டத்தின் 3(2) பிரிவு பள்ளி, அங்கன்வாடி, குடிநீர், சாலை என 13 வசதிகளுக்கு மட்டும் ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் போகாமல் நிலம் தரலாம் என்கிறது. அந்தப் பதின்மூன்றில் சுற்றுலா இல்லை. திறன் வளர்ப்பு மையம் இருக்கிறது. சாகசப் பயிற்சி அந்தப் பெயரில் உள்ளே வருகிறதா என்று கவனியுங்கள்.

காட்டைக் காடல்லாத காரியத்துக்கு விட மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது 1980-ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம். 2023 திருத்தம் இதில் ஒரு கதவைத் திறந்தது: வனப் பணித்திட்டத்திலோ (காட்டை நிர்வகிக்க வனத்துறை எழுதிவைக்கும் திட்டம்) புலிகள் காப்பகத் திட்டத்திலோ சேர்க்கப்பட்ட சூழல் சுற்றுலா வசதிகள் "காடல்லாத காரியம்" ஆகாது. ஆகவே அந்தத் திட்ட நூலில் இந்த இடத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்பதே முதல் கேள்வி. "குடில், பார்வை மேடை" என்றிருந்தால் அது ஜிப்லைனுக்கு அனுமதியல்ல. இரண்டாவது, அதே சட்டத்தின் 2-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு. காட்டு நிலத்தைக் குத்தகையாகவோ வேறு வகையிலோ தனியாருக்கு விடுவது தனியாகவே அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. "இது குத்தகையல்ல, உரிம ஒப்பந்தம்தான்" என்று சொல்லப்படும்போது "வேறு வகையிலோ" என்ற சொற்களை விரலால் தொட்டுக் காட்டலாம். மரம் வெட்டவில்லை என்ற பதில் இந்த உட்பிரிவுக்குப் பதிலே ஆகாது. களக்காடு–முண்டந்துறை 1988-லிருந்து புலிகள் காப்பகம். அதற்குள் என்றால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் மேலே ஏறும்.

மற்ற நிலங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். குளம் என்றால் 2007-ஆம் ஆண்டு குளங்கள் பாதுகாப்புச் சட்டம், மேசை நீர்வளத் துறை. மேய்ச்சல் புறம்போக்கு, தோப்பு என்றால் ஊராட்சிச் சட்டம் 134-ஆம் பிரிவு. ஊர்ப் பொதுநிலத்தைத் தனியார் வளைப்பதை உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் கடுமையாகக் கண்டித்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். கோயில் நிலம் என்றால் அறநிலையத் துறைச் சட்டம் 34-ஆம் பிரிவு. ஐந்தாண்டுக்கு மேல் குத்தகைக்கு ஆணையர் அனுமதி கட்டாயம், அதற்கு முன் ஆட்சேபணை கேட்டு அறிவிப்பு வர வேண்டும். ஐந்தாண்டுக்கு ஒரு நாள் குறைத்து ஒப்பந்தம் எழுதியிருந்தால் எதற்காக என்று புரிந்துகொள்ளுங்கள்.

எழுத்தில் உள்ள உரிமை என்ன செய்யும் என்பதற்கு இந்தத் தொழில் வேரூன்றிய இங்கிலாந்தைப் பார்க்கலாம். அங்கே அரசுக் காட்டில் மரத்து மேல் கட்டணப் பாதை 2002-ல் தெட்ஃபர்டு காட்டில் தொடங்கிப் பல இடங்களுக்குப் பரவியது. ஆனால் வனத்துறைக்குச் சொந்தமான காடுகளில் பெரும்பகுதி 2000-ஆம் ஆண்டு நாட்டுப்புற, வழியுரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின் கீழ், மக்கள் காலால் நடந்து போய்வரும் நிலமாக அர்ப்பணிக்கப்பட்டிருக்கிறது. அந்த அர்ப்பணிப்பைத் திரும்பப் பெற முடியாது. நிலம் கைமாறினாலும் வாங்கியவரைக் கட்டும். கயிறு வந்த இடங்களிலும் கீழே நடப்பவரைத் தடுக்க முடியாமல் போனது அந்த எழுத்தால். பிறகு அரசு காடுகளையே விற்க முனைந்தபோது ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட, 2011 பிப்ரவரியில் திட்டம் கைவிடப்பட்டது. நமக்கு அப்படி ஒரு பிரிவு சட்டத்தில் இல்லை. நம்மிடம் இருப்பது கிராம சபைத் தீர்மானம்.

அதை எழுதுவதில் பிசகுவதே அதிகம். "சாகசப் பூங்காவை இந்தச் சபை எதிர்க்கிறது" என்ற ஒரு வரித் தீர்மானம் கருத்தாக மட்டும் நிற்கும். புல எண், பரப்பு, அ-பதிவேட்டு வகைப்பாடு, இப்போது யார் எந்தப் பருவத்தில் எதற்குப் புழங்குகிறார்கள் (எத்தனை கிடை ஆடு, எந்தத் தெருவார் விறகுக்கு, கொடைக்கு எந்த வழி), நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எழுதுங்கள். அதுவே நாளைக்குப் புழக்கத்துக்கான பதிவு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளில் எது அருகில் வருகிறதோ அதற்குப் பொருளாக முன்கூட்டியே கொடுங்கள். குறைவெண்ணையும், அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கையையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கையெழுத்து எண்ணிக்கை குறைந்தால் தீர்மானம் செல்லாது என்ற ஒரே வாதம் போதும், எல்லாம் வீண். வன உரிமைச் சட்டக் கிராம சபை இதிலிருந்து வேறானது. அங்கே உறுப்பினரில் பாதிப் பேர் வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே கூட்டத்தில் முடித்துவிடலாம் என்று எண்ணாதீர்கள்.

தகவல் உரிமை மனுவில் "ஏன்" என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். டெண்டர் அறிவிப்பு, ஒப்பந்த வரைவு, தள வரைபடம், மரக் கணக்கெடுப்பு, பணித்திட்டத்தின் குறிப்பிட்ட பக்கம். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். மனு வேறு அலுவலகத்துக்குரியது என்றால் 5 நாளுக்குள் அவர்களே அனுப்பிவைக்க வேண்டும். பதில் வரும் முன்னே வேலை தொடங்கிவிட்டால் சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயமோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையோதான் வழி. தீர்ப்பாயத்துக்கு ஆறு மாதக் கெடு உண்டு. பேச்சுவார்த்தை என்று அதைக் கடத்திவிடாதீர்கள்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து இளைஞர்களுக்கு உள்ளூரில் வேலை கிடைக்கும். பிள்ளைகள் செல்போனை வைத்துவிட்டு மரமேறுவது நல்ல காரியம். வனத்துறை 2024-ல் தொடங்கிய கட்டண மலையேற்றத்தை இதோடு குழப்பவும் வேண்டாம்; அது வழிகாட்டியோடு நடக்கும் நடை, மழையும் தீக்காலமும் வந்தால் நிறுத்திவிடலாம், மரத்தில் எதுவும் மிச்சமிருக்காது. கயிற்றுப் பாதைக்கு மரமே தேவையில்லை என்பதுதான் இதில் முக்கியம். நட்ட கம்பத்தின் மேலும் அதை அமைக்கலாம். மேலே சொன்ன ஐரோப்பியத் தரநிலை கம்பத்தையும் ஏற்கிறது. கம்பத்தின் வலுவைக் கணக்கிட முடியும், மரத்தின் வலுவை ஊகிக்கத்தான் முடியும். பட்டா நிலம், தென்னந்தோப்பின் ஓரம், மூடிக்கிடக்கும் ஆலை வளாகம் என்று இடத்துக்குப் பஞ்சமில்லை. பொதுக்காட்டைக் கேட்பதற்குக் காரணம் நிழலும் ஆற்றுக்காற்றும் அங்கே விலையில்லாமல் கிடைப்பதுதான். விலையில்லாமல் எடுத்ததை விலைக்கு விற்பது என்ற அந்த ஒன்றையே ஆட்சேபணை மனுவின் முதல் பத்தியில் வையுங்கள். கூடவே மாற்று இடத்தின் புல எண்ணையும் கொடுங்கள். மறுப்பு மட்டும் உள்ள மனுவைவிட அதற்குக் கனம் அதிகம்.

எதிர்ப்பு ஜெயித்தாலும் நிலத்தின் வகைப்பாடு மாறாவிட்டால் ஐந்து வருஷத்தில் இன்னொரு நிறுவனம் வரும். அதற்கும் நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. வனவிலங்குச் சட்டத்தின் 36-ஏ பிரிவில், அரசு நிலத்தை உள்ளூர் மக்களைக் கலந்து பாதுகாப்பு ஒதுக்கிடமாக அறிவிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. தாமிரபரணிக் கரையில், மருதமரம் தலவிருட்சமாக நிற்கும் திருப்புடைமருதூரில் 2005-ல் பறவைகளுக்காக அப்படி அறிவித்தார்கள். பரப்பு வெறும் 2.84 ஹெக்டேர், நம் கணக்கில் ஏழு ஏக்கர். ஒரு பொத்தைக்கோ ஒரு குளத்தங்காட்டுக்கோ இந்த அளவு போதும். ஓர் இடத்தைப் பன்மயப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கும் உயிரினப் பன்மயச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு இன்னொரு வழி. மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டி 2022-ல் அதன் கீழ் வந்தது. இரண்டுக்கும் முதல் காகிதம் ஊராட்சியின் உயிரினப் பன்மய மேலாண்மைக் குழு வைத்திருக்க வேண்டிய மக்கள் பதிவேடு. உங்கள் ஊராட்சியில் அந்த நோட்டு இருக்கிறதா, அதில் அந்தக் காட்டின் மரமும் பறவையும் ஏறியிருக்கின்றனவா என்று இந்த வாரமே போய்க் கேளுங்கள்.